பெமாவின் கையும் மாட்டின் பசியும்

பெமா சொட்டு விட உட்கார்ந்துவிட்டால் அந்த அறையில் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். அவளாகச் சட்டம் எதுவும் போட்டதில்லை. கண்ணாடிக் குழாயின் திருகில் அவள் விரல் வைத்திருக்கும் விதத்தைப் பார்த்தாலே மாணவர்களுக்கு வாய் தானாக மூடிக்கொள்ளும். கீழே குடுவையில், மருந்தும் புரதமும் கரைந்த தண்ணீர் செம்பனை எண்ணெய் நிறத்தில் சுழன்றுகொண்டிருக்கும். மேலேயிருந்து விநாடிக்கு ஒரு சொட்டாக ஸ்பிரிட் விழும். கடிகாரம் பார்க்க மாட்டாள். மெதடிஸ்ட் சபைப் பாட்டு ஒன்றை மனதுக்குள் ஓட்டுவாள். மூன்றாவது சரணத்தில் தண்ணீர் கலங்கத் தொடங்கும். ஐந்தாவதில் பால் ஊற்றிய தேநீர் மாதிரி ஆகிவிடும். உடனே திருகை மூடிவிட வேண்டும். ஐந்து சொட்டு கூடிப்போனால்கூடத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். சரியாக வந்தால், ஒரு தலைமுடியின் தடிப்புக்குள் ஐந்நூறு துகள்களை வரிசையாக நிறுத்தலாம். அவ்வளவு சின்னது.

"கடிகாரம் இல்லாம எப்படி ஆன்ட்டி?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்.

"எனக்குள்ள ஒரு பாட்டுக்காரி உட்கார்ந்திருக்கா. அவ தாளம் தப்ப மாட்டா."

கானா நாட்டின் குமாசி நகரில், பல்கலைக்கழக மருந்தியல் துறையில், தரைத்தளத்துக் கடைசி அறையில் பதினேழு வருஷமாக அவள் வேலை பார்க்கிறாள். பதவி, மூத்த ஆய்வக உதவியாளர். அதற்கு முன் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்த வங்கியில் ஆறு வருஷம். ரத்தம் கொடுக்க வந்து ஊசியைப் பார்த்தே மயங்கி விழுந்த ஆண்பிள்ளைகளைச் சேர்த்தால் ஒரு சபையே கூட்டலாம் என்பாள். கணவன் ஆந்த்விக்கு சுவாமே என்கிற பட்டறைப் பேட்டையில் கடைசல் பட்டறை. பெண்கள் இருவரும் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். பெமாவுக்கு நாற்பத்தாறு வயது. தன் வேலை தனக்குத் தெரியும் என்று அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. தெரியாத மாதிரி நடித்ததும் இல்லை.

அந்த அறைக்குப் பொறுப்பானவர் டாக்டர் அசாரே. வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர், அவளைவிட எட்டு வயது இளையவர். அதிர்ந்து பேசாத மனிதர். அவர் எடுத்துக்கொண்ட வேலை புருலி புண்ணுக்கு மருந்து சேர்ப்பது. ஆற்றோரத்து ஊர்களில் அது வரும். முதலில் வலியே இல்லாத ஒரு சின்ன வீக்கம். பிறகு தோல் திறந்துகொண்டு உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணாகிவிடும். எட்டு வாரம் மாத்திரை விழுங்க வேண்டும். அதில் ஒன்று ரிஃபாம்பிசின், செங்கல் நிற மருந்து. வயிற்றையும் ஈரலையும் சுற்றி வந்து புண்ணுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். அந்த மருந்தையே ஒரு புரதத் துகளுக்குள் அடைத்து, புண்ணின் கட்டுத்துணியிலேயே வைத்துவிட்டால், அது இருக்கிற இடத்திலேயே மெதுவாகக் கரைந்து வேலை செய்யும் என்பது அசாரேயின் எண்ணம்.

ஒரு முறை அவரோடு பெமாவும் கிராமத்துச் சிகிச்சை நிலையத்துக்குப் போயிருந்தாள். கோக்கோ தோட்டக்காரி ஒருத்தி முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க செய்யிற மருந்து, அறுவடைக்குள்ள வந்துடுமா?" என்று கேட்டாள்.

பெமாதான் சொன்னாள்: "இந்த அறுவடைக்கு வராது. அடுத்ததுக்கும் வராது. ஆனா வரும். அதுவரைக்கும் மாத்திரையை ஒரு வேளைகூட விட்டுடாதே."

அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கவில்லை. ஒளிக்காமல் சொன்னார்களே என்பதுபோலத் தலையாட்டினாள்.

துகள் செய்ய அவர்கள் எடுத்துக்கொண்ட புரதம் அல்புமின். ரத்தத்தில் ஏராளமாக இருப்பது. வெளிநாட்டிலிருந்து பொடியாகப் புட்டியில் வரும். அந்த வருஷம் அனுப்பச் சொன்ன புட்டிகள் துறைமுகத்தில் ஏழு வாரம் வெயிலில் கிடந்து, திறந்தால் பொடிக்குப் பதில் மஞ்சள் கட்டியாக வந்து சேர்ந்தன. மறுபடி வரவழைக்க நாலு மாதம் ஆகும் என்றார்கள். அசாரே நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"டாக்டர், அது எதுலேருந்து எடுக்குறாங்க?" என்றாள் பெமா.

"மாட்டு ரத்தம்."

"நம்ம ஊர்ல மாடு இல்லையா?"

"ஆன்ட்டி, அவங்க பெரிய தொழிற்சாலை வெச்சுச் சுத்தம் பண்றாங்க."

"நான் ஆறு வருஷம் ரத்தம் பிரிச்சவ. உப்புப் போட்டுப் படிய வெச்சு, சவ்வுப் பைல கட்டி, மூணு நாள் தண்ணி மாத்தினா முடிஞ்சுது. நாம மனுஷனுக்கா குடுக்கப் போறோம்? கண்ணாடிக் குடுவைல பார்க்கத்தானே. மனுஷனுக்குப் போற அன்னிக்கு மனுஷ ரத்தத்துலேருந்து எடுத்ததை வாங்கிக்கலாம்."

அசாரே கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சரி என்று தலையசைத்தார்.

மறுநாள் விடிகாலையில் பெமா பனிக்கட்டிப் பெட்டியோடு ட்ரோட்ரோ என்கிற சிற்றுந்தில் ஏறி, ஊர் ஓரத்து அறுப்புக் கூடத்தில் போய் இறங்கினாள். கறுப்பு ரப்பர் காலணி போட்டவர்கள் ஈரத் தரையில் வழுக்காமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். ரத்தம் வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. புரதம் எல்லாம் இப்படிச் சாக்கடைக்குப் போகிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

"பூசாரி அம்மா வந்திருக்காங்கடா," என்று ஒருவன் குரல் கொடுத்தான். "ரத்தம் வேணுமாம். எந்த ஆம்பளையை மந்திரத்துல கட்டிப் போடவோ."

"கட்டிப் போட்ட ஒருத்தன் வீட்டுல இருக்கான்," என்றாள் பெமா. "அவனை அவுத்து விட வழி தேடிக்கிட்டிருக்கேன்."

கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். அவர்தான் சூலே; மாலம் என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வடக்கிலிருந்து வந்து சோங்கோ என்கிற முஸ்லிம் குடியிருப்பில் குடியேறிய குடும்பம். அந்தக் கூடத்தில் அவர் தலையசைக்காமல் ஒரு மாடும் உள்ளே வராது.

"மேடம், ரத்தம் எங்களுக்குச் சாப்பிட ஆகாத பொருள். சமைக்கிறதுக்குன்னா நான் குடுக்க மாட்டேன். எதுக்குன்னு சொல்லு."

பெமா பெட்டியைக் கீழே வைத்தாள். "கெஜேட்டியா சந்தைல தலைச்சுமைக்காரங்க இருக்காங்கல்ல மாலம். யாரு எதைக் குடுத்தாலும் தலையில வெச்சுக்கிட்டுக் கொண்டு சேர்ப்பாங்க. ரத்தத்துலயும் அப்படி ஒரு சுமைக்காரன் இருக்கான். பேரு அல்புமின். அவனை மட்டும் பிரிச்செடுத்து, தலையில மருந்தை ஏத்தி, புண்ணுக்குள்ள அனுப்பப் பார்க்குறோம்."

சூலே யோசித்தார். "என் மச்சினன் மகளுக்குக் கால்ல அந்தப் புண்ணு வந்துச்சு. இப்பவும் நொண்டுறா." கத்தியை ஈரத்துணியில் துடைத்தார். "பெட்டியைத் திற."

பெமா அங்கேயே நிழலில் உட்கார்ந்து, பாட்டில்களை அசைக்காமல் உறைய விட்டு, மேலே தெளிந்த வைக்கோல் நிறச் சீரத்தை மட்டும் இறுத்து எடுத்துக்கொண்டாள். ட்ரோட்ரோவின் குலுக்கலில் ரத்தத்தை அப்படியே கொண்டுபோனால் சிவப்பணு உடைந்து எல்லாம் கெட்டுவிடும் என்பது ரத்த வங்கியில் கற்ற பாடம். இரண்டு வாரத்தில் அவளிடம் சுத்தமான அல்புமின் இருந்தது. வெள்ளை என்று சொல்ல முடியாது, பழைய பல் நிறம். சொட்டு விட்டாள். ஐந்தாவது சரணத்தில் பாலாயிற்று.

துகள்களைச் சுழலும் இயந்திரத்தில் போட்டுச் சுற்றினால், துகள் அடியில் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். மருந்து சிவப்பு என்பதால் முடிவு கண்ணுக்கே தெரிந்துவிடும். அடி சிவந்து மேலே நிறமற்று இருந்தால் மருந்து உள்ளே ஏறிவிட்டது. மேல் நீர் சிவந்திருந்தால் சுமைக்காரன் சுமையை ஏற்றிக்கொள்ளவில்லை. முதல் குழாயின் அடியில் செங்கல் துண்டு மாதிரி ஒரு படிவு. மேலே கிட்டத்தட்ட நல்ல தண்ணீர். நூற்றுக்கு எழுபத்திரண்டு பங்கு மருந்து உள்ளே போயிருந்தது. அசாரே அந்தக் குழாயை ஜன்னலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

இரண்டாவது முறை அறுபத்தெட்டு. மூன்றாவது முறை முப்பத்தொன்று.

பெமா அந்த எண்ணை எழுதிவிட்டு, வழக்கமாகக் கீழே போடும் கோட்டைப் போடாமல் நிறுத்தினாள். ஏதோ தப்பியிருக்கிறது என்று எல்லாப் பாத்திரங்களையும் மறுபடி கழுவினாள். அடுத்தது இருபத்தொன்பது. அதற்கடுத்தது எழுபது. இப்படியே மூன்று மாதம், ஏறியும் இறங்கியும். துகளின் அளவு ஒவ்வொரு முறையும் சரியாக இருந்தது. மருந்து மட்டும் சில நாள் ஏறியது, சில நாள் ஏற மறுத்தது. மாணவர்கள் அவள் முன்னால் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவள் உள்ளே வரும்போது பேச்சு நின்றது. அது சொட்டு விடும்போது நிற்கும் அமைதி இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கும் குழுவின் சார்பில் தலைநகர் அக்ராவிலிருந்து பேராசிரியர் லாம்ப்டே பார்வையிட வந்தார். நரைத்த தலை, மடிப்புக் கலையாத சட்டை, தணிந்த குரல். வரைபடத்தைப் பார்த்தார். பல் உடைந்த சீப்பு மாதிரி இருந்தது அது.

"டாக்டர், இவ்வளவு ஏத்த இறக்கத்துக்கு ஒரு காரணம்தான் இருக்க முடியும். கையால சொட்டு விடுறீங்க." பெமா பக்கம் திரும்பாமலே தொடர்ந்தார். "அந்த அம்மா அனுபவசாலியா இருக்கலாம். ஆனா கை கைதானே."

"சார், கை என்னுது," என்றாள் பெமா. "என்கிட்டயே சொல்லலாம்."

அவர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். "தப்பா நினைக்காதீங்க. களைப்பு, கவனச்சிதறல், இதெல்லாம் மனுஷருக்கு இயல்பு."

"எனக்கும் களைப்பு வரும். களைப்பான அன்னிக்கு நான் சொட்டு விட மாட்டேன். நோட்டுல பாருங்க, அந்தத் தேதி காலியா இருக்கும். கை தப்பினா துகள் பெருசு சின்னதா வரணும். அளவு ஒண்ணுபோல இருக்கே சார், அது எப்படி?"

பேராசிரியர் வரைபடத்தை மறுபடி பார்த்தார். அந்தக் கேள்வி அவருக்குள் இறங்கியதா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. சொட்டு விட ஒரு பம்பு வரும்வரை, வெளிநாட்டு அல்புமின் வரும்வரை, வேலையை நிறுத்திவைக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மூன்று மாதம் கழித்து மறுபடி வருவாராம்.

கார் போன பிறகு பெமா வெள்ளை அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"டாக்டர், நீங்க வாயே திறக்கலயே."

"என்ன சொல்றது ஆன்ட்டி. என்கிட்ட பதில் இல்லை."

"'தெரியல, பார்த்துச் சொல்றோம்'னு சொல்றதுக்கு பதில் வேண்டாமே. என் கை மேல உங்களுக்கும் சந்தேகமா?"

அசாரே கண்ணாடியைக் கழற்றினார். "கொஞ்சம்," என்றார்.

பொய் சொல்லாமல் இருந்தாரே என்பதற்காக மட்டும் அவள் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

வீட்டில் ஆந்த்வி மரவள்ளி ஃபுஃபு உருண்டையை நிலக்கடலைச் சாற்றில் தோய்த்துக்கொண்டே முழுக்கதையையும் கேட்டான். "உன் கை மேல எனக்குச் சந்தேகம் கிடையாது. உன் சாறு மேலதான் சந்தேகம், இன்னிக்கு உப்பு ரெண்டு தடவை விழுந்திருக்கு." அவள் முறைத்தாள். அவன் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான்: "பட்டறைல சாமான் கோணலா வந்தா, நான் முதல்ல இரும்பை மாத்திப் பார்ப்பேன். அதே ஆளு, அதே மிஷின், வேற இரும்பு. அதுல நேரா வந்துச்சுன்னா ஆளைத் திட்ட வேண்டியதில்ல."

குளிர்பதனப் பெட்டியின் கடைசித் தட்டில், பழைய வெளிநாட்டு அல்புமின் ஒரு சின்னப் புட்டி ஒப்பீட்டுக்காக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாள் பெமா அதை எடுத்தாள். ஐந்து முறைக்குத்தான் காணும். ஐந்து வேறு வேறு நாட்களில் சொட்டு விட்டாள். அதில் ஒரு நாள் வேண்டுமென்றே, காலையிலிருந்து அறை முழுவதும் தேய்த்துக் கழுவி, தோள் வலிக்கிற நேரத்தில் உட்கார்ந்தாள். எழுபத்தைந்து, எழுபத்து நான்கு, எழுபத்தாறு, எழுபத்தைந்து. தோள் வலித்த நாளில் எழுபத்து நான்கு.

அந்தத் தாளை அசாரே மேஜை மேல் வைத்தாள். அவர் படித்துவிட்டு எழுந்து நின்றார்.

"ஆன்ட்டி, நான் அன்னிக்குச் சொன்னது..."

"அதை அப்புறம் வெச்சுக்கலாம். கை இல்லன்னு ஆச்சு. அப்போ ரத்தம். ரத்தத்துல என்னன்னு பார்ப்போம்."

சுவர்க் காலண்டரை இறக்கி, ரத்தம் எடுத்த தேதிகளில் பென்சிலால் குறி வைத்தாள். மருந்து ஏறிய நாட்களுக்குச் சிவப்பு, ஏறாதவற்றுக்குக் கறுப்பு. குறித்து முடித்ததும் இரண்டு அடி பின்னால் நகர்ந்து பார்த்தாள். சிவப்பெல்லாம் வியாழக்கிழமையில் நின்றது. கறுப்பு திங்களிலும் செவ்வாயிலும் குவிந்து கிடந்தது. அவள் வேலையில் திங்களுக்கும் வியாழனுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அதே உப்பு, அதே தண்ணீர்.

அன்றைக்கே சூலேயிடம் போனாள். வேலை முடிந்து, கை கால் கழுவி, பெஞ்சில் உட்கார்ந்து கோலாக்கொட்டை மென்றுகொண்டிருந்தார்.

"மாலம், திங்கக்கிழமை மாட்டுக்கும் வியாழக்கிழமை மாட்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"திங்கக்கிழமைது ஒல்லி, வியாழக்கிழமைது ருசி." சிரித்துவிட்டு, அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். "நிஜமாவா கேக்குற தங்கச்சி? திங்கக்கிழமை மாடு பாவம். வடக்கேருந்து மூணு நாள் லாரில நின்னுக்கிட்டே வரும். ஞாயித்துக்கிழமை இறங்கும். வழியில யாரு அதுக்குப் புல்லு போடுறா? தண்ணி காட்டுனாலே பெருசு. இறங்கின மறுநாளே கத்திக்கு வந்துடும், இல்லேன்னா செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை அறுக்குறது நான் வாங்கித் தொழுவத்துல கட்டினது. மரவள்ளித் தோலைத் தின்னுட்டு மூணு நாள் படுத்து அசை போட்டது."

பெமா பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். பட்டினி கிடக்கிற உடம்பு தன் கொழுப்பைத்தானே கரைத்துத் தின்னும். கரைந்த கொழுப்பு ரத்தத்தில் தானாகப் போகாது. யாராவது தூக்கிப் போக வேண்டும்.

"மாலம், சுமைக்காரன் தலையில ஏற்கெனவே மூட்டை இருந்திருக்கு," என்றாள். "பசியில கரைஞ்ச கொழுப்பு. அதை இறக்காம, நான் மேல மருந்தை ஏத்தப் பார்த்திருக்கேன். அவன் எப்படி ஏத்திப்பான்?"

சூலே கோலாக்கொட்டையை மறு கன்னத்துக்கு மாற்றினார். "அப்போ தப்பு உன் கையில இல்ல. லாரிக்காரன் கையில."

நினைத்தது சரிதான் என்று அவளுக்குள் ஒரு திடம் வந்துவிட்டது. ஆனாலும் அதை வைத்துக்கொண்டு அக்ராவுக்குப் போன் போட அவள் ஆள் இல்லை. யாரும் குற்றம் சொல்ல முடியாதபடி அதை நிறுத்த வேண்டும். பத்துப் பாட்டில் ரத்தம். ஐந்து, லாரியிலிருந்து இறங்கிய மாடு. ஐந்து, தீனி தின்ற மாடு. சூலே எடுத்துக் கொடுத்தார். அசாரேயே நேரில் போய் வாங்கி, ஒன்று முதல் பத்து வரை எண் ஒட்டி, எது எந்த மாடு என்ற பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ரப்பர் காலணி போட்டு அந்த ஈரத் தரையில் டாக்டர் தடுமாறியதை அறுப்புக் கூடத்தில் இன்னும் நடித்துக் காட்டுகிறார்களாம்.

மூன்று வாரம் பெமா பத்தையும் பிரித்து, பத்துக்கும் சொட்டு விட்டாள். கடைசிக் குழாயும் சுற்றி நின்றதும், எல்லாவற்றையும் ஜன்னலோரம் வரிசையாக வைத்து, நிறத்தைப் பார்த்துப் பட்டினி மாடு எது என்று தன் தாளில் எழுதினாள். பிறகு அசாரே பட்டியலைப் பிரித்தார். ஒன்பது சரியாக இருந்தது. ஏழாம் எண்ணைப் பட்டினி என்று எழுதியிருந்தாள். பட்டியலில் அது வியாழக்கிழமை மாடு.

"பத்துக்கு ஒம்போது, இதுவே பெரிய விஷயம் ஆன்ட்டி."

"இருங்க." சூலேக்குப் போன் போட்டாள். பட்டியலில் இருந்த அடையாளத்தைச் சொல்லி, அந்த வியாழக்கிழமை மாடு எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டு மறுபடி சொல்லச் சொன்னாள்.

"அந்த வெள்ளைக் கொம்பா?" என்றது சூலேயின் குரல். "அது சீக்கு மாடு தங்கச்சி. மூணு நாளும் தீனியில வாயே வைக்கல. அது கணக்குல வராதுன்னு உங்க டாக்டர்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

அசாரே முகத்தை இரண்டு கையாலும் தடவிக்கொண்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார், நிறுத்த முடியாமல்.

மூட்டையை இறக்குவது அதற்குப் பிறகு பெரிய வேலையாக இல்லை. விஷம் குடித்தவர்களுக்குக் கொடுக்கும் கரித்தூள் மருந்துக் கிடங்கில் இருந்தது. கொழுப்பை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அல்புமின் கரைசலில் கொஞ்சம் அமிலம் விட்டு, பனிக்கட்டி மேல் வைத்து, கரித்தூளோடு ஒரு மணி நேரம் கலக்கி வடிகட்டினாள். முதல் வாரம் வடிதாளை மீறிக் கரி இறங்கி, மேஜை, அங்கி, அவள் நெற்றி எல்லாம் கறுப்பு. வடிதாளை நாலாக மடித்த பிறகு அடங்கியது. பட்டினி மாட்டின் அல்புமினும் இப்போது எழுபத்து நான்கு காட்டியது. எந்தக் கிழமை எடுத்தாலும் அதேதான்.

பேராசிரியர் லாம்ப்டே சொன்ன தேதிக்கு வந்தார். இந்த முறை நாற்காலியை பெமா பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பத்து எண்கள் இருந்த தாளை நெடுநேரம் படித்தார்.

"இந்த ஏழாம் எண்..."

"சீக்கு மாடு சார். அறுத்தவரே சொன்னாரு. எழுதி வாங்கியிருக்கேன்."

"எண் ஒட்டி மறைச்சுப் பார்க்கணும்னு யாருக்குத் தோணிச்சு?"

"எனக்குத்தான். என் கை மேல புகார் வந்தப்புறம், என் கண்ணையும் நம்பாம பார்க்குறதுதானே நியாயம்."

அவர் பேனாவைத் திறந்தார். "என் அறிக்கையில 'கை'னு எழுதியிருந்தேன். அதை அடிச்சுடுறேன்."

"அடிச்சா போதாது சார். அந்த இடத்துல 'மாடு'ன்னு எழுதணும்."

பேராசிரியர் வாய்க்குள் சிரித்தபடி எழுதினார். கிளம்பும்போது, அக்ராவில் தன் ஆய்வகத்திலும் இதே மாதிரி ஏற்ற இறக்கம் இருக்கிறது, அடுத்த மாதம் வந்து பார்க்க முடியுமா என்று அவளிடமே கேட்டார். அசாரேயிடம் கேட்கவில்லை.

கட்டுரை எழுதும்போது ஒரு சின்ன உரசல் வந்தது. கடைசிப் பக்கத்தில், பெமா அவர்களுக்கு நன்றி என்று அசாரே போட்டிருந்தார். பெமா அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"டாக்டர், நன்றின்னு அடியில போடுறதெல்லாம் சாவு போஸ்டருக்கு. நான் உயிரோட இருக்கேன். என் பேரு மேல வரட்டும். சூலே பேரை வேணும்னா நன்றில போடுங்க, அவரு சம்மதிச்சுட்டாரு."

அசாரேக்குக் காது சிவந்தது. மறுநாள் கொண்டுவந்த பிரதியில் அவள் பெயர் இரண்டாவதாக இருந்தது. அவள் எழுத்துக்கூட்டிப் பார்த்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தாள்.

துகள் வைத்த கட்டுத்துணியை முதலில் கினிப் பன்றிகளின் தோலில் போட்டுப் பார்த்தார்கள். ஆறாம் நாளும் புண்ணில் மருந்து இருந்தது. வெறும் மருந்து தடவிய இடத்தில் இரண்டாம் நாளே தீர்ந்துபோயிருந்தது. மனிதருக்குப் போக இன்னும் பல அனுமதிகள் வேண்டும். அவற்றில் முதலாவதற்கான தாள்களைக் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்குள் அசாரே அடுத்ததைப் பிடித்துக்கொண்டார். மருந்தைத் தூக்கும் துகள் மரபணுவைத் தூக்குமா? புண்ணைச் சுற்றியுள்ள செல்களுக்குள் தோலை வளரச் சொல்லும் மரபணு ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டால், ஆறுகிற வேகமே வேறாக இருக்கும். ஆனால் அல்புமினும் மரபணுவும் ஒன்றையொன்று தள்ளும். நடுவில் இரண்டுக்கும் ஒத்துப்போகிற இன்னொரு புரதத்தைப் பூச வேண்டும். அதையும் சொட்டுச் சொட்டாகத்தான் பூச வேண்டும். ஒத்திகைக்கு ஜெல்லி மீனின் மரபணு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அது செல்லுக்குள் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டால், அந்தச் செல் பச்சையாக ஒளிரும்.

நாலு முறை இருட்டுதான். ஒரு செல்லும் ஒளிரவில்லை. ஐந்தாவது முறைக்கு பெமா பூச்சின் அளவைப் பாதியாகக் குறைத்தாள். அசாரே வேண்டாம் என்றார். நாலு முறை உங்கள் அளவு, ஒரு முறை என் அளவு என்றாள் அவள்.

இரண்டு நாள் கழித்து, பகல் பதினோரு மணிக்கு, ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டிவிட்டு நுண்ணோக்கியில் உட்கார்ந்தாள். முதலில் ஒன்றும் இல்லை. தட்டைக் கொஞ்சம் நகர்த்தினாள். இருட்டில் ஒரு பச்சைப் புள்ளி. அதன் பக்கத்தில் இன்னொன்று, நீண்டு, செல்லின் வடிவமே தெரியும்படி. பெமா மூச்சை மெதுவாக விட்டாள். யாரையும் கூப்பிடவில்லை. விரலால் அழுத்தி எண்ணும் கருவியை எடுத்து, பத்து இடங்களில் ஒளிரும் செல்களையும் மொத்தச் செல்களையும் எண்ணினாள். சந்தேகமானவற்றை விட்டுவிட்டாள். பிறகு துணியை விலக்கிக்கொண்டு நடைக்கு வந்து, அசாரேயின் அறைக்கதவைத் தட்டினாள்.

"நூத்துக்கு ரெண்டு," என்றாள்.

அவர் எழுந்து வந்து பார்த்தார். நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு கம்மிதான்," என்றார், குரல் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

"ரெண்டு வந்துடுச்சுல்ல. நாலாவும் வரும். நாளைக்குப் பூச்சை இன்னும் கொஞ்சம் குறைச்சுப் பார்க்கலாம். இப்போ எனக்குப் பசிக்குது, சாப்பாட்டுக் கடையில கென்கி தீர்ந்துடும்."

அங்கியை ஆணியில் மாட்டிவிட்டு, நோட்டில் தேதியும் எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பெமா வெளியே நடந்தாள். மழைக்காலம் முடிவதற்குள் அந்த எண் பதினொன்றாகியிருந்தது.